அகலத்தில் தொடங்கும் அளவு: தீவகத்துக் கால்களும் குளிர்காலச் சைக்கிள் பூட்ஸும்

ரொறன்ரோவில் தை மாத இரவுகளின் வெப்பநிலை சராசரியாகப் பூச்சியத்துக்குக் கீழே 7 பாகை செல்சியஸ் அளவில் நிற்கும். அந்தக் குளிரில் விடியப்புறம் சைக்கிள் எடுத்து வேலைக்குப் போகிறவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துத் தீவகத்தின் புங்குடுதீவு, வேலணை, ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு என்று ஊருக்கொரு சங்கம் வைத்து ஸ்காபரோவிலும் பாரிஸிலும் சூரிச்சிலும் ஒஸ்லோவிலும் வாழும் தீவகத்தாருக்குச் சைக்கிள் புதிதல்ல. 1990களில் எரிபொருள் தடைப்பட்டிருந்த யாழ்ப்பாணத்தில் நோயாளி, நெல்மூட்டை, மணப்பெண் எல்லாம் சைக்கிளில்தான் போனார்கள். புதிதாக வந்தது குளிரும், அதற்கென்று செய்யப்பட்ட பூட்ஸும்தான். பூட்ஸ் வாங்கப் போகும் எவரும் கேட்கும் முதற்கேள்வி "எத்தனையாம் நம்பர் எடுக்கலாம்?" என்பது. கடைக்காரர், உற்பத்தியாளர், அனுபவப்பட்ட ஓட்டுநர் எல்லோரும் இதற்கு ஆளுக்கொரு விடை சொல்கிறார்கள். அந்த விடைகளை ஒருமிக்க வைத்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது இதுதான்: தீவில் வளர்ந்த காலுக்கு நம்பரிலிருந்து தொடங்குவதே பிழை. அகலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை முதலில் பார்க்கலாம். நடக்கும்போது பாதம் ஒவ்வோர் அடியிலும் வளைந்து நிமிர்கிறது. விரல்கள் நிலத்தைப் பற்றி விடுகின்றன. சைக்கிள் மிதிக்கும்போது தொடையும் கெண்டைக்காலும் வேலை செய்கின்றனவே தவிர, பாதம் கெட்டியான அடித்தட்டின் மேல் அசையாமல் கிடக்கிறது. உடம்பு குளிரை உணர்ந்ததும் நெஞ்சையும் வயிற்றையும் காப்பதற்காகக் கை, கால் விரல்களுக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். ஏற்கெனவே குறைந்துபோன இந்த இரத்த ஓட்டத்தின் மேல் இறுக்கமான சப்பாத்தும் அழுத்தினால், விரலுக்கு வரவேண்டிய கொஞ்ச வெப்பமும் வராது. சைக்கிள் ஓட்டிகளின் விரல் விறைப்பதற்குத் தடிப்புக் குறைந்த சப்பாத்தை விட, இடம் குறைந்த சப்பாத்தே பெரும்பாலும் காரணம்.

இன்னொரு காரணம் காற்று. வெப்பத்தைத் தடுப்பது கம்பளியோ பஞ்சோ அல்ல, அவற்றின் இழைகளுக்கிடையே அசையாமல் அடைபட்டு நிற்கும் காற்றுத்தான். தடித்த சொக்ஸை இறுகிய பூட்ஸுக்குள் திணித்தால் அந்தக் காற்று பிதுங்கி வெளியேறிவிடும். தடிப்பான துணி இருக்கும், வெப்பத்தடை இருக்காது. வியர்வையில் நனைந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். நீர், அசையாத காற்றைக் காட்டிலும் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும்.

வெளியே அடிக்கும் காற்றைப் பற்றித் தீவகத்தாருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. சோளகம் வீசும் ஆடி மாதத்தில் பண்ணைத் தாம்போதியில் யாழ்ப்பாணத்திலிருந்து மண்டைதீவுச் சந்தியை நோக்கிச் சைக்கிள் உழக்கியவருக்கு எதிர்க்காற்று என்றால் என்னவென்று தெரியும். குளிர்நாட்டில் காற்றே இல்லாத நாளிலும் சைக்கிள் ஓட்டி தனக்கான எதிர்க்காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறார். கனடாவின் காற்றுக்குளிர்க் கணக்குப்படி, பூச்சியத்துக்குக் கீழே 10 பாகையில் மணிக்கு 20 கிலோமீற்றர் காற்றுப் பட்டால் திறந்த தோலுக்கு அது பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை போல இருக்கும். மணிக்கு 20 கிலோமீற்றர் என்பது சாதாரணமாகச் சைக்கிள் ஓடும் வேகம். பூட்ஸுக்குள் இருக்கும் கால் திறந்த தோல் அல்லதான். ஆனால் பெடலில் சுற்றும் பூட்ஸின் முனைதான் காற்றை முதலில் வாங்குகிறது. விரல்நுனி அந்தச் சுவரை முட்டிக்கொண்டிருந்தால் இடையில் தடுக்க ஒன்றுமே இல்லை.

இனி நம்பருக்கு வருவோம். இலங்கையில் பாட்டாக் கடையிலும் டி.எஸ்.ஐ. கடையிலும் நாம் பழகியது பிரித்தானிய அளவு. அதில் ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் இடையில் அங்குலத்தின் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 8.5 மில்லிமீற்றர் அளவு வித்தியாசம். ஐரோப்பிய அளவில் ஒரு படி சென்றிமீற்றரின் மூன்றில் இரண்டு பங்கு, ஏறக்குறைய 6.7 மில்லிமீற்றர். அமெரிக்க ஆண்கள் அளவு, பிரித்தானிய அளவை விட ஏறக்குறைய ஒரு நம்பர் கூடுதலாக நிற்கும். சில நிறுவனங்களில் அரை நம்பர். ஆகவே ஊரில் 8 போட்டவர் ரொறன்ரோவில் 8 என்று கேட்டு வாங்கினால் அவருக்குக் கிடைப்பது ஊரின் 7. சைக்கிள் சப்பாத்துகள் பெரும்பாலும் ஐரோப்பிய அளவில் வருவதால் குழப்பம் மூன்று மடங்காகிறது.

இதிலும் ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. பிரித்தானிய அளவும் ஐரோப்பிய அளவும் அளப்பது காலை அல்ல. சப்பாத்தை எந்தக் கால்வடிவ அச்சில் தைத்தார்களோ அந்த அச்சின் நீளத்தை. விரலுக்கு முன்னால் எவ்வளவு இடம் விடுவது என்பது அச்சுச் செய்பவரின் தீர்மானம். அதனால்தான் ஒரு நிறுவனத்தின் 42, மற்றதன் 43க்குச் சமமாகிவிடுகிறது. காலையே மில்லிமீற்றரில் அளக்கும் முறையும் இருக்கிறது. பனிச்சறுக்குப் பூட்ஸுகளுக்குப் பயன்படும் மொண்டோபொயின்ற் அளவு அது. எந்தச் சைக்கிள் பூட்ஸ் நிறுவனத்தின் அட்டவணையிலும் முதலில் தேடவேண்டியது மில்லிமீற்றரில் உள்ள கால்நீளப் பத்தியைத்தான். அந்தப் பத்தியே இல்லாத அட்டவணையை நம்பி வாங்கக் கூடாது.

ஆனால் நீளம் பாதிக் கதைதான். தீவகத்துக் காலுக்கு மற்றப் பாதி கூடுதலாகவே முக்கியம்.

வெறுங்காலோடு வளர்ந்த பாதமும் சப்பாத்துக்குள் வளர்ந்த பாதமும் ஒரே வடிவத்தில் இருப்பதில்லை என்பது நூறாண்டுக்கு மேற்பட்ட அவதானிப்பு. பிலிப் ஹொஃப்மன் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர், 1905இல் வெளியிட்ட கட்டுரையில், சப்பாத்து அறியாதவர்களின் விரல்கள் விசிறிபோல விரிந்து நிற்பதையும் சப்பாத்துப் போடத் தொடங்கியதும் அவை ஒடுங்குவதையும் காட்டினார். தென்னிந்தியாவில் ராவ், ஜோசப் என்ற மருத்துவர்கள் 4 முதல் 13 வயது வரையான 2,300 பிள்ளைகளின் காலடித் தடங்களைப் பரிசோதித்து 1992இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சப்பாத்துப் போட்ட பிள்ளைகளில் 8.6 வீதத்தினருக்குத் தட்டைப் பாதம், போடாதவர்களில் 2.8 வீதத்தினருக்கு மட்டுமே. 2009இல் டாவூவும் அவரது கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் கிட்டியது. தென்னிந்தியாவில் வெறுங்காலோடு வாழ்கிறவர்களையும், சப்பாத்துப் போடும் இந்தியர்களையும், மேற்கத்தியரையும் ஒப்பிட்ட அவர்கள், வெறுங்காலர்களின் முன்பாதம் நீளத்தோடு ஒப்பிடுகையில் அகன்றது என்றும், அவர்களின் பாதம் எடையைப் பரவலாகத் தாங்குகிறது என்றும் கண்டார்கள்.

தீவகத்தில் வளர்ந்த காலும் இந்த வழியில் வளர்ந்த காலே. நெடுந்தீவின் கல்லொழுங்கைகள், கடற்கரை மணல், வயல் வரம்பு, நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் வெளிவீதி எல்லாம் வெறுங்கால். மிஞ்சிப் போனால் ஒரு பாட்டாச் செருப்பு. பள்ளிக்கூடத்துக்கு வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து; வீட்டுக்கு வந்ததும் அது மூலைக்குப் போய்விடும். 1990, 1991ஆம் ஆண்டுகளின் படை நடவடிக்கைகளோடு தீவுகளை விட்டு வெளியேறியபோது இளைஞராக இருந்தவருக்கு இன்று ஐம்பது, அறுபது வயது. அவருடைய எலும்பு வளர்ந்து முடிந்தது ஊரில். அவருடைய மகன் ஸ்காபரோவில் பிறந்து, நடை பழகிய நாளிலிருந்து சப்பாத்துப் போட்டவன். இரண்டு பேருக்கும் கால்நீளம் 260 மில்லிமீற்றராக இருக்கலாம். அதற்காக ஒரே பூட்ஸ் இருவருக்கும் பொருந்திவிடாது.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. நயினாதீவில் வளர்ந்த உறவினர் ஒருவருக்காக நாங்கள் இதைச் செய்தோம். வெள்ளைத் தாளைச் சுவரோடு ஒட்ட வைத்து, குளிர்காலச் சொக்ஸோடு அவரை அதன் மேல் நிற்கச் சொல்லி, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துக் காலைச் சுற்றிக் கோடு கீறினோம். பிறகு அவர் "சரியான அளவு" என்று இரண்டு குளிர்காலம் போட்ட பூட்ஸின் உள்தட்டைக் கழற்றி அந்தக் கோட்டின் மேல் வைத்தோம். நீளத்தில் நுனியில் ஒரு விரற்கடை மிச்சம் இருந்தது. அகலத்திலோ சுண்டுவிரலின் பக்கத்துக் கோடு தட்டைத் தாண்டி வெளியே ஓடியது. பெருவிரலின் அடிமூட்டுப் பக்கமும் கொஞ்சம் வெளியே. தட்டின் விளிம்பில், சுண்டுவிரல் மடங்கி அழுத்திய இடத்தில் கறுத்த பள்ளம் விழுந்திருந்தது. எந்த விரல் முதலில் விறைக்கும் என்று கேட்டோம். அந்தப் பள்ளத்தைத்தான் தொட்டுக் காட்டினார்.

அகலம் போதாதபோது பெரும்பாலானோர் செய்வது ஒரு நம்பர் கூட்டி எடுப்பது. கடைக்காரரும் அதைத்தான் சொல்வார். இதில் லாபம் குறைவு. ஒரு ஐரோப்பிய நம்பர் கூடும்போது நீளம் 6.7 மில்லிமீற்றர் கூடுகிறது. முன்பாதத்தின் அகலம் அதில் சிறு பங்குதான் கூடும். நீளம் வீணாக வளர, அகலம் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும். இரண்டு நம்பர் கூட்டினால் குதி உள்ளே எழும்பி எழும்பி விழும். பாதத்தின் வளைவும் சப்பாத்தின் வளைவும் வேறுவேறு இடத்துக்குப் போய்விடும். தேவை கூடுதல் நம்பர் அல்ல, அகல அச்சில் செய்த பூட்ஸ். வட அமெரிக்க அளவுமுறையில் ஆண்களுக்கு டி என்பது வழமையான அகலம். ஈ, இரட்டை ஈ, நாலு ஈ என்று அதற்குமேல் போகும். கடைகளில் கால் வைத்து அளக்கும் அந்த உலோகத் தட்டு, 1920களில் சார்ல்ஸ் பிரானொக் உருவாக்கியது, நீளத்தையும் அகலத்தையும் சேர்த்தே காட்டும். நம்மவர்கள் பலர் அதில் நீள அளவை மட்டும் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். சைக்கிள் சப்பாத்துக்காரர்களில் லேக் நிறுவனம் பல வகைகளை அகல வடிவிலும் தருகிறது. இத்தாலிய நிறுவனங்களின் அச்சுகள் பொதுவாக ஒடுங்கியவை. அழகானவை, ஆனால் நம் காலுக்கு ஏற்றவையல்ல.

அப்படியானால் எவ்வளவு கூட்டுவது? இங்கேதான் மூன்று கட்சிகள். கோடைகாலச் சப்பாத்தை விட அரை நம்பரோ ஒரு நம்பரோ கூட்ட வேண்டும் என்பது முதற்கட்சி. வழக்கமான அளவையே எடுத்து மேலே உறை மாட்டினால் போதும் என்பது இரண்டாவது. சைக்கிளுக்கென்று தனிப் பூட்ஸே வேண்டாம், சப்பாத்தைப் பூட்டாத தட்டைப் பெடலும் நல்ல பனிக்காலப் பூட்ஸும் போதும் என்பது மூன்றாவது.

முதற்கட்சியின் நியாயம் சொக்ஸின் தடிப்பு. ஆனால் சில நிறுவனங்கள் குளிர்காலப் பூட்ஸின் அச்சிலேயே தடித்த சொக்ஸுக்கான இடத்தை விட்டுவிடுகின்றன, சில விடுவதில்லை. ஆகவே "ஒன்று கூட்டு" என்பதைப் பொதுவிதியாகச் சொல்ல முடியாது. நம்பரை மறந்துவிட்டு, போடப்போகும் அதே சொக்ஸோடு காலை அளந்து, மிக நீண்ட விரலுக்கு முன்னால் 10 முதல் 15 மில்லிமீற்றர் இடம் இருக்கிறதா என்று பார்ப்பதே முறை. மிக நீண்ட விரல் எல்லோருக்கும் பெருவிரல் அல்ல; பலருக்கு அடுத்த விரல்தான் நீளம். இரண்டு காலும் சமமாக இருப்பதும் அரிது, பெரிய காலுக்கே வாங்க வேண்டும். பொழுதுபட அளப்பது நல்லது, பகல் முழுதும் நின்ற கால் சற்று வீங்கியிருக்கும்.

இரண்டாம் கட்சி, மிதமான குளிரில் சரி. பாரிஸில் பெரும்பாலான நாட்களுக்கு அது போதும். ஆனால் உறையும் இறுக்கமானால் பழைய கதைதான். பெடலோடு பூட்டிக்கொள்ளும் கிளீட் என்ற துண்டு பொருத்திய சப்பாத்தில் உறையின் அடிப்பக்கம் திறந்தே இருக்கும். கிளீட்டின் உலோக ஆணிகள் உள்ளங்காலின் வெப்பத்தை நேராக வெளியே கொண்டுபோகும். உள்தட்டுக்குக் கீழே இன்னொரு தடுப்புத் தட்டுப் போடச் சொல்வது இதனால்தான். அந்தத் தட்டு மூன்று நான்கு மில்லிமீற்றர் உயரத்தை எடுத்துக்கொள்ளும். பூட்ஸின் மேல்தோல் புறங்காலை அழுத்தத் தொடங்கும். தட்டு போடும் எண்ணம் இருந்தால் அதையும் போட்டே அளவு பார்க்க வேண்டும். வாங்கிவிட்டுப் பிறகு போட்டால், குளிரைத் தடுக்கப் போட்ட தட்டே இரத்த ஓட்டத்தைத் தடுத்துவிடும்.

நான் நிற்பது மூன்றாம் கட்சியின் பக்கம். ஷிமானோவின் எஸ்.பி.டி. பெடல் 1990இல் வந்தபிறகு, கால் பெடலோடு பூட்டியிருந்தால்தான் அது ஒழுங்கான சைக்கிளோட்டம் என்ற எண்ணம் பரவியது. நீண்ட தூரம், வேகம், காட்டுப்பாதை என்றால் அதற்குப் பயன் உண்டு. வேலைக்கு ஐந்து கிலோமீற்றர் போய்வருகிறவருக்கு அது தேவையில்லை. தட்டைப் பெடலில் எந்தப் பூட்ஸும் போடலாம். சாதாரணப் பனிக்காலப் பூட்ஸுகளில் அகல வகைகள் தாராளம், விலையும் குறைவு. வழுக்குப் பனியில் காலை உடனே ஊன்றவும் முடியும். பின்லாந்தின் ஊலு நகரம் குளிர்காலச் சைக்கிளோட்டத்துக்கு உலகம் முழுவதும் பேர்பெற்றது; குளிர்காலச் சைக்கிள் மாநாடு 2013இல் தொடங்கியதும் அங்கேதான். அங்கே பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் போகிறவர்கள் வீட்டில் இருக்கும் அதே பூட்ஸோடுதான் மிதிக்கிறார்கள். லுமாலாச் சைக்கிளில் பாட்டாச் செருப்போடு புங்குடுதீவிலிருந்து யாழ்ப்பாணம் போய்வந்த ஒருவருக்கு, காலைப் பெடலோடு பூட்டுவது கட்டாயம் என்று சொல்ல எந்த நியாயமும் இல்லை.

பெரிய பூட்ஸ் போட்டால் சைக்கிளிலும் சில மாற்றங்கள் வரும், அதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. அடித்தட்டு பத்து மில்லிமீற்றர் தடித்தால் இருக்கையையும் அந்தளவு உயர்த்த வேண்டும். இல்லாவிட்டால் முழங்கால் கூடுதலாக மடங்கி நோகும். நீண்ட முனை, ஹாண்டிலைத் திருப்பும்போது முன்சில்லின் மட்காட்டில் முட்டலாம்; சின்னச் சட்டகத்துச் சைக்கிள்களில் இது கூடுதல், பனியில் மெதுவாகத் திரும்பும்போதுதான் நடக்கும், விழுத்தியும் விடும். அகன்ற பூட்ஸின் உட்பக்கம் பெடல் தண்டில் உரசும். புதுப் பூட்ஸோடு சைக்கிளை நிறுத்தி வைத்து ஒருதரம் பெடலை முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டே வீதிக்கு இறங்க வேண்டும்.

இனிச் சொல்லப் போவது எல்லாவற்றிலும் முக்கியம். ஒஸ்லோவில் குடியேறியோரின் உடல்நலம் பற்றிய ஆய்வுகள், இலங்கையிலிருந்து போனவர்களிடையே நீரிழிவு நோர்வேக்காரரை விடப் பல மடங்கு கூடுதல் என்று காட்டியிருக்கின்றன. நீரிழிவு நாட்பட்டவர்களுக்குக் காலின் உணர்ச்சி நரம்புகள் மங்கிவிடும். சப்பாத்து இறுக்குகிறதா, விரல் விறைக்கிறதா என்று அவர்கள் காலைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. இறுக்கமான சப்பாத்தே அவர்களுக்கு "பிடிப்பாக, நல்லாக" இருப்பதாகத் தோன்றும், ஏனென்றால் உணர்வதற்குக் கூடுதல் அழுத்தம் தேவைப்படுகிறது. இவர்கள் போட்டுப் பார்த்து வாங்கக் கூடாது, அளந்துதான் வாங்க வேண்டும். உள்தட்டைக் கழற்றி அதன்மேல் நின்று, நாலு பக்கமும் கால் தட்டுக்குள் அடங்குகிறதா என்று இன்னொருவர் பார்க்க வேண்டும். பத்துக் கிராம் அழுத்தம் தரும் நைலோன் இழையால் உள்ளங்காலைத் தொட்டு உணர்ச்சியைச் சோதிக்கும் எளிய பரிசோதனையைக் குடும்ப மருத்துவரிடமே செய்துகொள்ளலாம். குளிர்காலத்துக்கு முன் அதைச் செய்வது நல்லது. சூடாக்கும் சொக்ஸும் வெப்பப் பொட்டலமும் உணர்ச்சி மங்கிய காலுக்கு ஆகாது, சுட்டாலும் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் சொக்ஸைக் கழற்றி, விரலிடுக்கு உட்படக் காலைப் பார்க்க வேண்டும்.

பெண்களுக்கு இன்னொரு தொல்லை. சைக்கிளுக்கென்று செய்யும் குளிர்காலப் பூட்ஸுகளில் சிறிய நம்பர்கள் அருமையாகவே கிடைக்கும். கால் சிறிது, முன்பாதம் அகலம் என்றால் ஆண்கள் வகையில் பொருந்துவது நடவாது. தட்டைப் பெடல் வழி அவர்களுக்கு இன்னும் பொருத்தமானது. பிள்ளைகளுக்கான பனிப் பூட்ஸ் பிரிவில் தேடினாலும் கிடைக்கும்.

பிள்ளைகள் விஷயத்தில் நமது பழக்கத்தைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கிறது. "வளருற பிள்ளை, இரண்டு வருஷத்துக்குப் போகும்" என்று இரண்டு நம்பர் பெரிதாக வாங்கி முனையில் கடதாசி திணித்துக் கொடுத்தவர்கள் நாங்கள். ஊரில் அது வெறும் சிக்கனம். பனியில் பெடல் மிதிக்கும் பிள்ளைக்குத் தொளதொளத்த பூட்ஸ் பெடலிலிருந்து வழுகும்; உள்ளே கால் நகரும் ஒவ்வொரு முறையும் சூடான காற்றை வெளியே தள்ளிக் குளிர்காற்றை உள்ளே இழுக்கும். விரலுக்கு முன்னால் 12 மில்லிமீற்றர் போதும். அடுத்த வருஷத்துக்கு உறவுக்காரப் பிள்ளையின் பூட்ஸ் கைமாறி வரட்டும். கைமாறி வருவதையும் உள்தட்டைக் கழற்றிப் பார்த்தே போட வேண்டும், முன்பு போட்ட காலின் பள்ளம் அதில் பதிந்திருந்தால் ஒரு புதுத் தட்டு வெட்டிப் போடுவது பெரிய செலவல்ல.

வாங்கும் இடம் பற்றி ஒன்று. திருப்பி எடுக்கும் கடையில் வாங்கி, வீட்டுக்குள் சொக்ஸோடு அரைமணி நேரம் போட்டு, இருக்கையில் ஏறியமர்ந்து பெடல் மிதிக்கும் நிலையில் காலைச் சோதிக்க வேண்டும். நிற்கும்போது சரியாக இருந்தது, முன்பாதத்தில் பாரம் விழும்போது சுண்டுவிரலை நெரிக்கலாம். லேஸைக் கணுக்காலில் இறுக்கி, முன்பாதத்தில் தளர்த்திக் கட்டியும் விரல்களை உள்ளே தாராளமாக மேலும் கீழும் அசைக்க முடியாவிட்டால், எந்த நம்பர் எழுதியிருந்தாலும் அந்தப் பூட்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த அகலத்தைக் கேட்க வேண்டும்.